நிரல் ஆறு

நிரல் ஆறில் சைபர் எழுதக்கூடாது.
எழுதினால் கச்சேரியிலிருந்து தாள் திரும்பி வரும்.
வெறுமையாக விட்டாலும் வரும்.
"உருவாக்கப்பட்ட வேலைவாய்ப்புகள், எண்ணில்"
என்பது அதன் தலைப்பு.
எண் என்றால் ஒன்றிலிருந்துதான் என்று
எங்கள் உதவிப் பணிப்பாளர் நம்புகிறார்.

அச்சுவேலிக்கு நான் போனது கார்த்திகைக் கடைசியில்.
வருடம் முடிய முப்பத்தொரு நாள்;
வந்த நிதியைச் செலவழித்து முடிக்க அதைவிடக் குறைவு.
மழைக்கோட்டுக்குள் கோப்பு,
கோப்புக்குள் அரசாங்கத்தின் முன்னுரிமைகள்:
இளைஞர், பெண் தலைமைக் குடும்பங்கள்,
சிறுதொழில், ஏற்றுமதி.
ஸ்கூட்டர் இரண்டு தரம் நின்றது.

சுகிர்தமலர் அக்காவின் கொட்டில்
தகரம் வளைக்கிற கொட்டில்.
ஊர் வீட்டுக் கூரைகளுக்கெல்லாம் பீலி செய்கிறா.
கொட்டிலுக்குப் பீலி இல்லை.
வாசலில் ஒரு வாளி. அது நிரம்ப
கஜீபன் எழும்பி ஊற்றிவிட்டு
திரும்பி வந்து சுத்தியலை எடுக்கிறான்.

நாங்கள் கொடுத்த இயந்திரம் நடுவில் நின்றது.
பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை.
அதன்மேல் இரண்டு சாப்பாட்டுப் பெட்டி,
ஒரு போன் சார்ஜர், ஒரு ஹெல்மெற்.
கையளிப்பு விழாவில் வெட்டின சிவப்பு ரிபன்
கஜீபனின் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் கட்டியிருந்தது.

"மூண்டு பேஸ் கறண்ட் வேணும் தங்கச்சி.
சபையில போய்க் கேட்டன்.
தூண் ரெண்டு நடவேணுமாம், மதிப்பீடு தந்தவை.
மெசினை வித்தாலும் அந்தக் காசு வராது."
சொல்லிவிட்டு பிளேன்ரீ ஊற்றினா,
சீனியைத் தனியாக வைத்து.

"எத்தனை பேர் வேலை செய்யினம் அக்கா?"
"நாலு பேர் இருந்தம்.
ஒருத்தன் கட்டாருக்குப் போட்டான்.
ஒருத்தன் பிரான்சுக்கெண்டு வெளிக்கிட்டு
இப்ப எந்த நாட்டில எண்டு தாய்க்கே தெரியாது.
மிச்சம் இவனும் நானும்.
என்னையும் சேர்த்து எண்ணலாமோ?"
சுற்றறிக்கை அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நானும் ஒருகாலம் ஒரு நிரல் ஆறில் இருந்தவள்.
நூற்றுப் பதினாறு நாள்
கச்சேரி வாசலில் தறப்பாளின் கீழ் இருந்தோம்,
சான்றிதழ்களைப் போட்டோக்கொப்பி எடுத்து
கழுத்தில் மாட்டிக்கொண்டு.
புவியியல், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு.
பிறகொரு நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது.
அந்த வருட அறிக்கையின் புதிய வேலைகளில்
நான் ஒன்று.
ஆறு மாதம் எனக்குக் கதிரை இல்லை.
பிறகு கதிரை வந்தது. வேலையும் வந்தது:
மற்றவர்களின் வேலையை எண்ணுவது.

மழை விடவில்லை.
"சிங்களத்தில கடிதம் எழுதுவியளோ?"
"எழுதுவன்."
"கணக்கும் பாப்பியள்தானே.
மூண்டு மாசமா ஆள் தேடுறன்.
தகரக் கொட்டிலெண்டு ஒருத்தரும் வருகினமில்லை.
முப்பதாயிரம் தரலாம். கறண்ட் வந்தா நாப்பத்தஞ்சு."

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

எனக்குப் பென்சன் இருக்கிறது.
அந்தப் பென்சனில் ஒரு கலியாணப் பேச்சும்
தொங்கிக்கொண்டிருக்கிறது.
மாப்பிள்ளை வீட்டார் பெயருக்கு முதல் கேட்டது,
"நிரந்தர நியமனமோ?"

உருவாக்கின வேலைக்குப் படிவத்தில் இடமுண்டு.
உருவாகி, சம்பளமும் சொல்லி,
ஆள் வராமல் நிற்கிற வேலைக்கு நிரல் இல்லை.
பேனை கொஞ்சநேரம் எழுத மறுத்தது.
ஈரமாக இருக்கலாம்.
ஒன்று என்று எழுதினேன்.
அது ஆரெண்டு அவ கேட்கவில்லை.

மிஞ்சியிருந்த படிவமொன்றின் பின்பக்கத்தில்
மின்சார சபைப் பொறியியலாளருக்கு
சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன்:
தூண் இரண்டு, கம்பி எண்பது மீற்றர்,
தவணை முறையில் கட்ட அனுமதி.
சிறுதொழில் முன்னுரிமை என்ற வரியை
கோப்பைப் பார்த்து அப்படியே போட்டேன்.

எழுதி முடிய வாளி நிரம்பியிருந்தது.
கஜீபனின் கையில் பாதி வளைந்த தகரம்.
நான் எழும்பிப் போய் ஊற்றினேன்.